நிகர அயனிச் சமன்பாடு: அடித்து நீக்குவதா, இருப்பைப் பார்த்து எழுதுவதா?

அசிட்டிக் அமிலக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றுகிறோம். உண்மையில் வினைபுரியும் துகள்களை மட்டும் காட்டும் நிகர அயனிச் சமன்பாடு என்ன? இந்தக் கேள்விக்கு விடைத்தாளில் பெரும்பாலும் இரண்டு விடைகள் வரும்.

ஹைட்ரஜன்⁺ + ஹைட்ராக்சைடு⁻ → நீர்

அசிட்டிக் அமிலம் + ஹைட்ராக்சைடு⁻ → அசிட்டேட்⁻ + நீர்

இரண்டிலும் அணுக்கள் சமன், மின்சுமையும் சமன். முதலாவதை எழுதியவர் ஒன்றும் குருட்டாம்போக்கில் எழுதிவிடவில்லை. மூலக்கூறு சமன்பாட்டை எழுதி, எல்லாவற்றையும் அயனிகளாகப் பிரித்து, இருபுறமும் பொதுவாக நின்றதை அடித்து, படிப்படியாகத்தான் வந்திருக்கிறார். ஆனாலும் சரியான விடை இரண்டாவதுதான். ஒவ்வொரு படியையும் ஒழுங்காகச் செய்த பிறகும் விடை தவறுகிறது என்றால், அந்தப் படிகள் எதைக் கவனிக்காமல் விடுகின்றன என்று பார்க்க வேண்டும்.

(படிக்க வசதியாக இங்கே சேர்மங்களையும் அயனிகளையும் பெயராலேயே குறித்து, மின்சுமையை மட்டும் மேலே ஏற்றியிருக்கிறேன். உங்கள் தாளில் வழக்கமான குறியீடுகளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.)

இரண்டாவதுதான் சரி என்பதை வெப்பமே காட்டிக்கொடுக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு நடுநிலையாக்கினாலும், நைட்ரிக் அமிலத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொண்டு நடுநிலையாக்கினாலும், உருவாகும் நீரின் ஒவ்வொரு மோலுக்கும் வெளிப்படும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான்: சுமார் 57 கிலோஜூல். புட்டிகளில் ஒட்டிய பெயர்கள் வேறாக இருந்தும் நடக்கும் வினை ஒன்றே என்பதால் இப்படி. மின்பகுளிகள் (கரைசலில் மின்சாரம் கடத்தும் பொருட்கள்) நீரில் அயனிகளாகப் பிரிந்தே கிடக்கின்றன என்று 1884-இல் தன் ஆய்வேட்டில் வாதிட்ட அரீனியஸின் கொள்கைக்கு இது வலுவான ஆதாரமாக அமைந்தது. அவருக்கு 1903-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதே சோடியம் ஹைட்ராக்சைடை ஹைட்ரோசயானிக் அமிலத்தோடு சேர்த்தால் வெளிவருவது 12 கிலோஜூல் அளவுதான். ஹைட்ரோபுளோரிக் அமிலமோ தலைகீழ். 68 கிலோஜூல் வரை போகிறது. எல்லா இடத்திலும் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் மட்டுமே சேர்ந்திருந்தால் இந்த வேறுபாடு வர வழியே இல்லை. புரோட்டானை (ஹைட்ரஜன் அயனிக்கு இன்னொரு பெயர்) தன் மூலக்கூறிலேயே பிடித்து வைத்திருக்கும் அமிலத்திடமிருந்து அதைப் பிரித்தெடுப்பதற்கும் ஒரு வெப்பக் கணக்கு உண்டு. நிகர அயனிச் சமன்பாடு அந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தச் சமன்பாட்டை எழுத மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. நீக்கல் வழி, பாடப்புத்தகங்கள் முதலில் கற்றுத்தருவது. வார்ப்பு வழி, தேர்வுக்கு முந்தைய இரவில் எல்லோரும் போய்ச் சேர்வது. மூன்றாவதை இருப்பு வழி என்று அழைக்கிறேன். இது மற்ற இரண்டையும்விடக் குறைவாகவே சொல்லித்தரப்படுகிறது. எதை எப்போது கைக்கொள்வது என்பதுதான் நம் கேள்வி.

நீக்கல் வழி

மூன்று வரிகளில் முடியும் வேலை இது. முதல் வரி மூலக்கூறு சமன்பாடு. இரண்டாவதில் கரைந்து பிரியும் பொருட்களை எல்லாம் அயனிகளாக உடைத்து முழு அயனிச் சமன்பாடு ஆக்குகிறோம். மூன்றாவதில் இருபுறமும் மாறாமல் நிற்கும் பார்வையாளர் அயனிகளை அடித்துவிடுகிறோம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் சோடியம் ஹைட்ராக்சைடுக்கும் இதைச் செய்தால் சோடியமும் குளோரைடும் விலகி, நீர் உருவாகும் வினை மட்டும் நிற்கும். கண்முன்னே கணக்கு நடக்கிறது. எங்கே தவறினோம் என்று திருப்பிப் பார்க்க முடிகிறது. திருத்துபவருக்கும் படிக்குப் படி மதிப்பெண் போட வசதி.

ஆனால் இந்த வழியில் உண்மையான முடிவு எடுக்கப்படுவது இரண்டாவது வரியில், அதுவும் சத்தமில்லாமல். எதை உடைப்பது, எதை உடைக்காமல் விடுவது? நீரில் முழுதும் அயனிகளாகப் பிரியும் வலிமை மிகு அமிலங்களின் பட்டியல் சிறியது: ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோபுரோமிக், ஹைட்ரோஅயோடிக், நைட்ரிக், பெர்குளோரிக், குளோரிக், பிறகு முதல் புரோட்டானுக்கு மட்டும் சல்பியூரிக். வலிமை மிகு காரங்களில் லித்தியம் தொடங்கி சீசியம் வரையிலான கார உலோகங்களின் ஹைட்ராக்சைடுகளும், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் ஹைட்ராக்சைடுகளும் அடங்கும். இந்தப் பட்டியலில் இல்லாத அமிலமோ காரமோ கண்ணில் பட்டால் உடைக்கக் கூடாது. பட்டியல் மனதில் இருப்பவருக்கு நீக்கல் வழி சரியான விடையைத் தரும். இல்லாதவருக்கும் அது ஒரு விடையைத் தரும், அதே தன்னம்பிக்கையோடு. எச்சரிக்கும் குணம் அதற்கு இல்லை என்பதுதான் என் குறை.

இன்னொரு குறையும் உண்டு. முதல் வரியில் மூலக்கூறு சமன்பாடு எழுத, விளைபொருள் என்ன என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அயனிகள் ஜோடி மாறிக்கொள்ளும் என்ற இரட்டை இடப்பெயர்ச்சி விதியை வைத்து அதை ஊகிக்கிறோம். அமிலமும் காரமும் அப்படியே பெயரிலேயே தெரியும் வினைகளில் இந்த ஊகம் பலிக்கும். மற்ற இடங்களில் அது காலை வாரிவிடும்.

வார்ப்பு வழி

நான்கு அச்சுகள் போதும் என்பார்கள். வலிமை மிகு அமிலமும் வலிமை மிகு காரமும் என்றால் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து நீர். வலிமை குறைந்த அமிலம் என்றால் மூலக்கூறும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து இணை காரமும் (அமிலம் புரோட்டானை இழந்த பின் மிஞ்சுவது) நீரும். வலிமை குறைந்த காரத்துக்கு எதிரே வலிமை மிகு அமிலம் என்றால் காரமும் ஹைட்ரஜன் அயனியும் சேர்ந்து இணை அமிலம் (காரம் புரோட்டானை ஏற்ற பின் ஆவது). இரண்டுமே வலிமை குறைந்தவை என்றால் மூலக்கூறும் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு அயனிகள்.

அம்மோனியா + ஹைட்ரஜன்⁺ → அம்மோனியம்⁺

அம்மோனியா + அசிட்டிக் அமிலம் → அம்மோனியம்⁺ + அசிட்டேட்⁻

வேகத்தில் இதை அடிக்க ஒன்றும் இல்லை. சரியான விடை எது என்று தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு இதுவே போதும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் வார்ப்புக்குள் அடங்காத வினை வந்த நிமிடமே கை நின்றுவிடும். கரையாத ஹைட்ராக்சைடு எந்த அச்சில் வரும்? பாஸ்பாரிக் அமிலம் மூன்று புரோட்டான்களோடு வந்தால் எத்தனையைக் கொடுப்பது? உப்பும் அமிலமும் கலந்தால்? அச்சுகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். பத்துப் பன்னிரண்டு அச்சுகளை மனப்பாடம் செய்யும் உழைப்பில் வேதியியலையே புரிந்துகொண்டுவிடலாம்.

இருப்பு வழி

இங்கே முதல் வரியில் சமன்பாடே கிடையாது. கலப்பதற்கு முன் ஒவ்வொரு கரைசலிலும் என்னென்ன துகள்கள் பெருமளவில் இருக்கின்றன என்று எழுதிக்கொள்கிறோம். அசிட்டிக் அமிலக் கரைசலில் பெருமளவில் இருப்பது அசிட்டிக் அமில மூலக்கூறு. 0.1 மோலார் கரைசலில் நூற்றுக்கு 1.3 பங்குதான் அயனியாகியிருக்கும். அந்தச் சிறு பங்கை இருப்புப் பட்டியலில் சேர்ப்பதில்லை. மற்றதில் சோடியம் அயனியும் ஹைட்ராக்சைடும். அடுத்து இரண்டே கேள்விகள். இந்தக் கூட்டத்தில் புரோட்டானைக் கொடுப்பதில் முந்தி நிற்பது எது? வாங்குவதில் முந்தி நிற்பது எது? கொடுப்பது அசிட்டிக் அமிலம், வாங்குவது ஹைட்ராக்சைடு. புரோட்டானை இடம் மாற்றி எழுதினால் சமன்பாடு முடிந்தது. சோடியத்தை அடிக்கத் தேவையே வரவில்லை. அது உள்ளே வரவே இல்லையே.

1923-இல் பிரான்ஸ்டெட்டும் லௌரியும் தனித்தனியே சொன்ன வரையறைதான் இதன் அடித்தளம்: புரோட்டானைக் கொடுப்பது அமிலம், ஏற்பது காரம். புட்டியின் மேல் 'அமிலம்' என்று எழுதியிருக்கிறதா என்ற கேள்வி இதில் எழுவதில்லை.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் பெயரில் உப்பாக இருந்து, நடத்தையில் அமிலமாகவோ காரமாகவோ இருக்கும் பொருட்களிடம் போக வேண்டும். சோடியம் பைகார்பனேட் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் என்ன ஆகும்? நீக்கல் வழிக்காரர் ஜோடியை மாற்றிப் பார்ப்பார். இரண்டிலும் சோடியம். மாற்றினாலும் அதே இரண்டு பொருட்கள்தான் திரும்பக் கிடைக்கும். 'வினை இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். இருப்பை எழுதிப் பாருங்கள்: சோடியம் அயனி, பைகார்பனேட் அயனி, ஹைட்ராக்சைடு அயனி. கொடுக்க ஒரு புரோட்டான் பைகார்பனேட்டிடம் இருக்கிறது. வாங்க ஹைட்ராக்சைடு காத்திருக்கிறது.

பைகார்பனேட்⁻ + ஹைட்ராக்சைடு⁻ → கார்பனேட்²⁻ + நீர்

இதன் சமநிலை மாறிலி (வினை எவ்வளவு தூரம் வலப்பக்கம் போகும் என்று காட்டும் எண்) 5,000-ஐ ஒட்டி வரும். வினை நன்றாகவே நடக்கிறது. டிரைசோடியம் பாஸ்பேட் கரைசலையும் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலையும் கலந்தால் இன்னும் சுவாரசியம். உப்போடு உப்பு, ஒரே நேர் அயனி, எதிர் அயனிகளும் ஒரே குடும்பம். ஜோடி மாற்றும் விதிக்கு இங்கே வேலையே இல்லை. ஆனால் ஒன்றிடம் புரோட்டான் இல்லை, இன்னொன்றிடம் இரண்டு இருக்கின்றன.

பாஸ்பேட்³⁻ + டைஹைட்ரஜன் பாஸ்பேட்⁻ → 2 ஹைட்ரஜன் பாஸ்பேட்²⁻

மாறிலி 10⁵ என்ற அளவில் இருக்கிறது. நடுநிலையாக்கல் என்ற சொல்லோ நீர் என்ற விளைபொருளோ இல்லாத, அப்பட்டமான அமில–கார வினை இது.

அம்மோனியம் குளோரைடும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேரும் வினையில் ஜோடி மாற்றும் பழக்கம் வேறு விதமாகக் கெடுக்கும். அங்கே விளைபொருளாக 'அம்மோனியம் ஹைட்ராக்சைடு' வந்து நிற்கும். சமன்பாடு சமனாகவே இருக்கும், ஆனால் அப்படி ஒரு தனி மூலக்கூறைக் கரைசலில் காட்ட முடியாது. நீரில் இருப்பது நீர் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பில் நிற்கும் அம்மோனியா. இருப்பு வழியில் அம்மோனியம் ஒரு புரோட்டானைக் கொடுத்தால் மிஞ்சுவது அம்மோனியா. வேறு எதையும் எழுத வாய்ப்பே இல்லை. கரைசலைச் சூடாக்கினால் மூக்கைத் துளைக்கும் நெடியும் அதையே சொல்லும்.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. அமிலங்களின் வலிமை வரிசை ஓரளவாவது கையிருப்பில் வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் அமிலப் பிரிகை மாறிலிகள் (எண் பெரிதானால் அமிலம் வலிமை கூடியது) ஏறத்தாழ இப்படி இறங்குகின்றன: ஹைட்ரஜன் சல்பேட் அயனி 1.2 × 10⁻², பாஸ்பாரிக் அமிலம் 7 × 10⁻³, ஹைட்ரோபுளோரிக் 6.8 × 10⁻⁴, அசிட்டிக் 1.8 × 10⁻⁵, கார்பானிக் 4.4 × 10⁻⁷, டைஹைட்ரஜன் பாஸ்பேட் 6.2 × 10⁻⁸, ஹைட்ரோசயானிக் 6.2 × 10⁻¹⁰, அம்மோனியம் 5.6 × 10⁻¹⁰, பைகார்பனேட் 4.7 × 10⁻¹¹, ஹைட்ரஜன் பாஸ்பேட் 4.5 × 10⁻¹³. எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. வரிசை தெரிந்தால் போதும்: மேலே இருக்கும் அமிலத்தின் புரோட்டான் கீழே இருக்கும் அமிலத்தின் இணை காரத்துக்குப் போகும்.

ஆக, அமில–கார வினைகளுக்கு என் தேர்வு இருப்பு வழி. முதன்முதலில் கற்கும் வாரங்களில் மட்டும் நீக்கல் வழியில் எழுதிப் பழகுங்கள். பார்வையாளர் அயனி என்றால் என்ன என்று கண்ணால் பார்த்து நம்ப அது உதவும். வலிமை குறைந்த அமிலம் முதல்முறை பாடத்தில் வரும் நாளே மாறிக்கொள்ள ஏற்ற நாள்.

நீக்கல் வழி வெல்லும் இடங்கள்

மாறிக்கொண்ட பிறகும் பழைய வழியைத் தூக்கி எறிய வேண்டாம். எத்தனை கிராம் எடுக்க வேண்டும் என்ற கேள்வி வந்தால் நிகர அயனிச் சமன்பாடு வாய் திறக்காது. ஒரு மோல் ஹைட்ராக்சைடு வேண்டும் என்று அது சொல்லும். அதற்காகத் தராசில் வைக்க வேண்டியது 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடா, 56 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடா என்பதை மூலக்கூறு சமன்பாடுதான் சொல்லும். கரைசலை ஆவியாக்கினால் என்ன உப்பு மிஞ்சும் என்பதும் அப்படியே. நாம் அடித்துத் தள்ளிய அயனிகள்தான் அங்கே படிகமாக வந்து உட்காரும்.

நீர் உருவாவதோடு வீழ்படிவும் சேர்ந்து வரும் வினைகளிலும் நீக்கல் வழி பாதுகாப்பானது. பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சல்பியூரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் வினையை எடுத்துக்கொள்வோம். புரோட்டானை மட்டும் துரத்திக்கொண்டு போனால் பேரியம் சல்பேட் வெள்ளையாகப் படிவதைத் தவறவிடுவோம். மூன்று வரியும் எழுதினால் அடிக்க ஒன்றுமே இல்லை என்று தெரியவரும்.

பேரியம்²⁺ + 2 ஹைட்ராக்சைடு⁻ + 2 ஹைட்ரஜன்⁺ + சல்பேட்²⁻ → பேரியம் சல்பேட் (திண்மம்) + 2 நீர்

பார்வையாளரே இல்லாத வினை. கரைசலில் இரு மின்முனைகளை வைத்து ஒரு விளக்கை இணைத்திருந்தால் இதைப் பார்க்கவே முடியும்: அமிலம் சேரச் சேர விளக்கு மங்கி, அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகும் சமான புள்ளியில் ஏறக்குறைய அணைந்து, மேற்கொண்டு அமிலம் விழுந்ததும் மறுபடி எரியும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் என்றால் விளக்கு இப்படி அணையாது. கடத்துத்திறன் குறையும், ஏனென்றால் வேகமாக நகரும் ஹைட்ரஜன் அயனியின் இடத்தை அதில் ஏழில் ஒரு பங்கு கடத்தும் சோடியம் பிடிக்கிறது. ஆனால் சோடியமும் குளோரைடும் கடைசிவரை மின்னோட்டத்தைச் சுமந்துகொண்டே இருக்கும். அசிட்டிக் அமிலத்தில் நடப்பது வேறு. தொடக்கத்தில் மங்கலாக எரியும் விளக்கு, காரம் சேரச் சேரப் பிரகாசம் கூடும். மின்சுமையற்ற மூலக்கூறு அசிட்டேட்டாக மாறுகிறது என்ற அந்த இரண்டாவது விடைக்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது.

திண்மங்களில் மூன்று வழிகளும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை: கரையாததை உடைக்காதே. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு வலிமையான காரமா என்று வாதிடுவதில் பயனில்லை, அது திண்மமாக இருக்கிறது என்பதே போதும்.

மெக்னீசியம் ஹைட்ராக்சைடு (திண்மம்) + 2 ஹைட்ரஜன்⁺ → மெக்னீசியம்²⁺ + 2 நீர்

கால்சியம் ஹைட்ராக்சைடு மட்டும் இரண்டுங்கெட்டான். லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று அதிகமாகவே கரையும். தெளிந்த சுண்ணாம்பு நீர் என்றால் அயனிகளாகப் பிரித்து எழுதுங்கள். கலங்கிய சுண்ணாம்புப் பால் என்றால் திண்மமாகவே விடுங்கள்.

ஹைட்ரஜன் அயனியா, ஹைட்ரோனியமா?

வழியைத் தேர்ந்த பிறகும் இந்தச் சிறு முடிவு மிச்சம் இருக்கிறது. நீரில் தனிப் புரோட்டான் என்று ஒன்று உலவுவதில்லை. நீர் அதைப் பிடித்துக்கொள்ளும்போது மோலுக்கு 1,100 கிலோஜூல் என்ற அளவில் ஆற்றல் வெளிப்படும். அவ்வளவு இறுக்கமான பிடி. புரோட்டானை ஒரு நீர் மூலக்கூறோடு சேர்த்து ஹைட்ரோனியம்⁺ என்று எழுதினால் அந்த உண்மைக்கு ஒரு படி நெருங்குகிறோம். ஒரு படிதான். உண்மையில் அந்தப் புரோட்டானைச் சுற்றி மேலும் நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. இரண்டு நீருக்கு நடுவே அது பகிரப்படும் வடிவத்துக்கு சுண்டெல் பெயரும், ஹைட்ரோனியத்தை மூன்று நீர் சூழும் வடிவத்துக்கு ஐகன் பெயரும் வழங்குகின்றன. இரண்டு வடிவங்களுக்கும் இடையே அது ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது. எனவே ஹைட்ரஜன் அயனி என்று எழுதுபவரைப் பொய் எழுதுகிறார் என்று திட்ட ஹைட்ரோனியம்காரருக்கு அவ்வளவு உரிமை இல்லை.

இணை அமில–கார ஜோடிகளைக் காட்டச் சொன்னால் ஹைட்ரோனியம் எழுதுங்கள். கொடுப்பவர் இல்லாமல் ஜோடி சேராது. மோல் கணக்கு, வீழ்படிவு, வாயு வெளியேறும் வினை ஆகியவற்றில் ஹைட்ரஜன்⁺ போதும், இடமும் மிச்சம். எதை எழுதினாலும் ஒரே சமன்பாட்டில் இரண்டையும் கலக்காதீர்கள். ஹைட்ரோனியத்துக்கு மாறினால் நீரின் எண்ணிக்கையும் மாறும் என்பதுதான் அதிகம் மறக்கப்படுவது:

ஹைட்ரோனியம்⁺ + ஹைட்ராக்சைடு⁻ → 2 நீர்

ஒற்றை அம்பா, இரட்டை அம்பா?

வலிமை குறைந்த அமிலம் என்றதும், வினை இருபுறமும் போய்ச் சமநிலையில் நிற்கிறது என்று காட்டும் இரட்டை அம்பு போடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அமிலம் தனியாக நீரில் இருக்கும்போது அது சரி. ஆனால் எதிரே ஹைட்ராக்சைடு வந்துவிட்டால் நிலைமை வேறு. அசிட்டிக் அமிலமும் ஹைட்ராக்சைடும் சேரும் வினையின் மாறிலி, அமிலப் பிரிகை மாறிலியை நீரின் அயனிப் பெருக்கமான 10⁻¹⁴ ஆல் வகுத்தால் கிடைக்கும்: 1.8 × 10⁹. இதற்கு ஒற்றை அம்பே பொருத்தம். அமிலம் வலிமை குறைந்தது என்பதால் வினையும் அரைகுறை என்று ஆகிவிடாது. அம்மோனியாவும் அசிட்டிக் அமிலமும்கூட 3 × 10⁴ என்ற மாறிலியோடு பெரும்பாலும் வலப்பக்கமே போகின்றன.

இரட்டை அம்பு கட்டாயமாகும் இடங்கள் உண்டு. அம்மோனியாவையும் ஹைட்ரோசயானிக் அமிலத்தையும் சேருங்கள். மேலே தந்த வரிசையில் ஹைட்ரோசயானிக் அமிலமும் அம்மோனியமும் தோளோடு தோள் நிற்கின்றன; மாறிலி 1.1. சம அளவில் கலந்தால் பாதிக்குப் பாதி நின்றுவிடும். பாஸ்பாரிக் அமிலத்தின் மூன்றாவது புரோட்டானும் தொல்லை தருவதுதான். ஹைட்ரஜன் பாஸ்பேட்டிலிருந்து ஹைட்ராக்சைடு அதை எடுக்கும் வினையின் மாறிலி 45 அளவே. நீர்த்த கரைசலில் மூன்று பங்கு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தாலும் மூன்றாவது புரோட்டான் முழுதாக வந்துவிடாது. 'பாஸ்பாரிக் அமிலம் + 3 ஹைட்ராக்சைடு⁻' என்று எழுதி ஒற்றை அம்பு போடுவது வழக்கத்தில் இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

எவ்வளவு சேர்த்தோம் என்பதும் சமன்பாட்டில் வரும்

ஒன்றுக்கு மேற்பட்ட புரோட்டான்கள் உள்ள இடத்தில் பொருட்களின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, அளவும் தெரிய வேண்டும். வார்ப்பு வழி இங்கே சுத்தமாகக் கைவிடும். சோடியம் கார்பனேட் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெல்லச் சொட்டவிட்டு, நன்றாகக் கலக்கிக்கொண்டே இருந்தால் முதலில் குமிழியே வராது.

கார்பனேட்²⁻ + ஹைட்ரஜன்⁺ → பைகார்பனேட்⁻

கார்பனேட் தீர்ந்த பிறகே அடுத்த வினை தலைகாட்டும். நுரைக்கத் தொடங்குவது அப்போதுதான்.

பைகார்பனேட்⁻ + ஹைட்ரஜன்⁺ → கார்பன் டைஆக்சைடு (வாயு) + நீர்

அதே இரண்டு கரைசல்களை வரிசை மாற்றி, அமிலத்துக்குள் கார்பனேட்டைச் சொட்டினால் விழுந்த மாத்திரத்தில் பொங்கும். அங்கே ஒவ்வொரு கார்பனேட்டையும் சுற்றி அமிலம் மிகுதி என்பதால், ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு ஹைட்ரஜன் அயனி என்று ஒரே வரியில் எழுதுவதே சரி. விளைபொருளைக் கார்பானிக் அமிலம் என்று எழுதலாமா? எழுதாதீர்கள். கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடில் பல நூறில் ஒரு பங்குதான் உண்மையில் கார்பானிக் அமில மூலக்கூறாக இருக்கிறது. பெருமளவில் இருப்பதை எழுது என்ற நம் விதிப்படி கார்பன் டைஆக்சைடும் நீருமே வர வேண்டும். இந்த வினையில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதிலாக அசிட்டிக் அமிலம் இருந்தால், ஹைட்ரஜன்⁺ இருந்த இடங்களில் முழு மூலக்கூறை வைத்து, வலப்புறம் அசிட்டேட்டைச் சேர்க்க மறக்காதீர்கள்.

கடைசியாகச் சல்பியூரிக் அமிலம், உண்மையிலேயே இரண்டு விடைகளுக்கு இடம் உள்ள வினை. அதன் முதல் புரோட்டான் முழுதும் பிரியும். இரண்டாவது அப்படியல்ல. 0.1 மோலார் கரைசலில் ஹைட்ரஜன் சல்பேட்டில் பத்தில் ஒரு பங்கே மேலும் பிரிந்திருக்கும் என்று அந்த 1.2 × 10⁻² மாறிலியை வைத்துக் கணக்கிடலாம். இருப்பு வழியில் நேர்மையாக எழுதினால் சோடியம் ஹைட்ராக்சைடோடு அதன் வினை இப்படி வரும்:

ஹைட்ரஜன்⁺ + ஹைட்ரஜன் சல்பேட்⁻ + 2 ஹைட்ராக்சைடு⁻ → சல்பேட்²⁻ + 2 நீர்

பள்ளிப் பாடநூல்கள் பல சல்பியூரிக் அமிலத்தை முழுதும் பிரித்து, சல்பேட்டை அடித்து, இரண்டால் வகுத்து, ஹைட்ரஜன்⁺ + ஹைட்ராக்சைடு⁻ → நீர் என்று முடித்துவிடும். மேலே பேரியம் வினைக்கு நானும் அந்த வழக்கத்தையே பின்பற்றினேன். நீர்க்க நீர்க்க அந்த எளிமைப்படுத்தல் உண்மையை நெருங்கும்: 0.001 மோலாருக்கு இறங்கினால் ஹைட்ரஜன் சல்பேட்டில் பத்தில் ஒன்பது பங்கு பிரிந்துவிடும். வினாவில் 'முழுதும் அயனியாவதாகக் கொள்க' என்றிருந்தால் சிறிய சமன்பாட்டை எழுதலாம். செறிவு கொடுத்து மாறிலியும் கொடுத்திருந்தால், ஹைட்ரஜன் சல்பேட்டை வைத்து எழுதச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் இல்லாத வினாவுக்கு நான் நீளமானதையே எழுதி, அருகில் 'இரண்டாம் பிரிகை முழுமையற்றது' என்று ஒரு வரி சேர்ப்பேன்.